குலுங்கும் வாழ்த்து அட்டையும் கணக்கில் வராத கூலியும்

குலுக்கினால் 'சலசல' என்று சத்தம் போடும் வாழ்த்து அட்டையைப் பார்த்திருப்பீர்கள். முன்பக்கத்தில் வட்டமாகவோ இதய வடிவத்திலோ ஒரு சன்னல். அதில் கண்ணாடி மாதிரி ஒரு பிளாஸ்டிக் தாள். உள்ளே கொஞ்சம் ஜிகினா, கொஞ்சம் பாசிமணி, நாலைந்து நட்சத்திரம். அட்டையை அசைத்தால் எல்லாம் உள்ளேயே ஓடி விளையாடும். இதற்குப் பெயர் ஷேக்கர் கார்டு.

அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி என்று சென்னையின் மேற்குப் பக்கத்தில் இதை வீட்டிலேயே செய்து வாட்ஸ்அப்பிலும் இன்ஸ்டாகிராமிலும் ஆர்டர் பிடித்து விற்பவர்கள் இருக்கிறார்கள். பெரும்பாலும் பெண்கள். கல்லூரி மாணவிகள், குழந்தையைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு உட்காரும் அம்மாக்கள். பிறந்தநாள், கல்யாண நாள், வளைகாப்பு, புதுமனைப் புகுவிழா, ரம்ஜான், கிறிஸ்துமஸ், பொங்கல் என்று எதற்குக் கேட்டாலும் அதற்கு ஏற்ற மாதிரி செய்து தருவார்கள்.

விலையைச் சொன்னதும் வாங்குபவர் கேட்கும் முதல் கேள்வி என்னவாக இருக்கும்? "ஒரு அட்டைக்கா இவ்வளவு?"

நியாயமான கேள்விதான். இதற்குப் பதில் தேடினால் அது நேராக 180 வருடத்துக்கு முந்தைய லண்டனுக்குப் போகிறது. அங்கிருந்து அமெரிக்கா, சிவகாசி, ஆவடி என்று சுற்றிவிட்டுத் திரும்ப வருகிறது. வாங்க, ஒரு சுற்று போய் வருவோம்.

தபால் பெற்ற பிள்ளை

வாழ்த்து அட்டை தபாலின் பிள்ளை. இங்கிலாந்தில் 1840க்கு முன்பு கடிதத்தின் கட்டணம், தூரத்தையும் தாளின் எண்ணிக்கையையும் பொறுத்தது. பெரும்பாலும் கடிதத்தைப் பெறுபவர்தான் காசு கொடுக்க வேண்டும்! 1840 ஜனவரியில் இந்த முறை மாறியது. நாட்டுக்குள் எங்கே அனுப்பினாலும் ஒரு பென்னி, அனுப்புபவரே கட்ட வேண்டும் என்றார்கள். அதே ஆண்டு மே மாதம் உலகின் முதல் ஒட்டும் தபால் தலையான 'பென்னி பிளாக்' வந்தது.

கடிதம் மலிவானதும் எல்லோரும் எழுத ஆரம்பித்தார்கள். எல்லோரும் எழுத ஆரம்பித்ததும் எல்லோருக்கும் பதில் எழுத வேண்டிய தொல்லையும் வந்தது. இந்தத் தபால் சீர்திருத்தத்தில் பங்கெடுத்தவர்களில் ஒருவர் ஹென்றி கோல். 1843 கிறிஸ்துமஸுக்கு அவருக்கு வந்து குவிந்த கடிதங்களுக்கெல்லாம் தனித்தனியாகப் பதில் எழுத நேரமில்லை. நண்பரான ஓவியர் ஜான் கால்காட் ஹோர்ஸ்லியிடம் சொல்லி ஒரு அட்டை வரையச் செய்து அச்சடித்தார். தனக்குத் தேவையானது போக மீதியை விற்பனைக்கு விட்டார். வணிக ரீதியில் வந்த முதல் கிறிஸ்துமஸ் அட்டை இதுதான் என்று சொல்லப்படுகிறது.

இதில் கவனிக்க வேண்டியது விலை. ஒரு அட்டை ஒரு ஷில்லிங். அதாவது பன்னிரண்டு பென்னி. அனுப்புகிற தபால் செலவு ஒரு பென்னி, அட்டையின் விலையோ அதைப் போலப் பன்னிரண்டு மடங்கு! ஏன் இவ்வளவு? கோடுகள் மட்டும்தான் கல்லச்சில் அடிக்கப்பட்டன. வண்ணம் ஒவ்வொரு அட்டையிலும் ஆள் உட்கார்ந்து கையால் தீட்டியது. ஆக, உலகின் முதல் 'கடை அட்டை'யே பாதி கைவேலை. "ஒரு அட்டைக்கா இவ்வளவு?" என்று அன்றைக்கும் யாராவது கேட்டிருப்பார்கள்.

பிறகு வண்ணக் கல்லச்சு வளர்ந்தது. 1870களில் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் லூயி பிராங் என்பவர் பல வண்ணங்களில் கிறிஸ்துமஸ் அட்டைகளை அச்சிட்டு விற்றார். ஒரு வண்ணத்துக்கு ஒரு கல் என்று வரிசையாக அச்சில் ஏற்றினால் போதும், தூரிகையோடு உட்காரும் ஆள் தேவையில்லை. விலை இறங்கியது. கை விலகியது.

எஸ்தர் ஹௌலண்டின் வீடு

ஆனால் எல்லா இடத்திலும் கை விலகவில்லை. இன்றைய ஷேக்கர் கார்டுக்குக் கொள்ளுப்பாட்டி என்று யாரையாவது சொல்ல வேண்டும் என்றால் அது எஸ்தர் ஹௌலண்ட்தான்.

1828இல் பிறந்தவர். ஊர் அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் மாநிலத்து வொர்செஸ்டர். அப்பா புத்தகமும் எழுதுபொருளும் விற்கும் கடை வைத்திருந்தார். 1847இல் மவுண்ட் ஹோலியோக் என்ற பெண்கள் கல்விநிலையத்தில் படிப்பை முடித்தார். அந்தச் சமயத்தில் இங்கிலாந்திலிருந்து வந்த ஒரு காதலர் தின அட்டையைப் பார்த்தார். சரிகை போல வெட்டிய காகிதம், வண்ணப் பூக்கள், நடுவில் சின்ன உறை. 'இதை இங்கேயே செய்தால் என்ன?' என்று தோன்றியது. அப்பா மூலம் காகிதமும் பூப்படங்களும் வரவழைத்துச் சில மாதிரிகளைச் செய்தார்.

அவருடைய அண்ணன், கடைக்காக ஊர் ஊராகப் போய் ஆர்டர் எடுப்பவர். இந்த மாதிரிகளையும் கையோடு எடுத்துப் போனார். ஒரு 200 டாலருக்கு ஆர்டர் வந்தால் போதும் என்று எஸ்தர் நினைத்திருந்தாராம். வந்தது 5,000 டாலருக்கு மேல்!

அடுத்து அவர் செய்ததுதான் முக்கியம். தோழிகளை வீட்டுக்கு அழைத்து ஒரு பெரிய மேசையைச் சுற்றி உட்கார வைத்தார். ஒருவர் படங்களை வெட்டுவார், அடுத்தவர் பின்னணித் தாளை ஒட்டுவார், இன்னொருவர் சரிகைத் தாளை வைப்பார். கடைசியில் எஸ்தர் சரிபார்ப்பார். ஹென்றி ஃபோர்டின் கார் தொழிற்சாலையில் நகரும் அசெம்பிளி லைன் வந்தது 1913இல். இந்தப் பெண்கள் அதற்கு அறுபது வருடத்துக்கு முன்பே ஒரு வீட்டு மாடியில் வேலையைப் பிரித்துக்கொண்டு செய்திருக்கிறார்கள்.

வீட்டை விட்டு வர முடியாத பெண்களுக்கு இன்னொரு ஏற்பாடு. தேவையான தாள், படம், பசை எல்லாவற்றையும் ஒரு பெட்டியில் போட்டு, செய்து முடித்த ஒரு மாதிரியையும் வைத்து வண்டியில் வீட்டுக்கே அனுப்புவார். சில நாள் கழித்து வண்டி திரும்பப் போய் முடித்த அட்டைகளை வாங்கி வரும். தொழில் வளர்ந்து ஆண்டுக்கு 75,000 டாலர் முதல் ஒரு லட்சம் டாலர் வரை புரண்டதாகச் சொல்கிறார்கள்.

அவருடைய அட்டைகள் தட்டையானவை அல்ல. ஒரு தாளுக்கும் அடுத்த தாளுக்கும் நடுவில் மடித்த காகித வில் வைத்துத் தூக்கி நிறுத்துவார். எட்டிப் பார்த்தால் சின்னப் பெட்டிக்குள் பார்ப்பது போல ஆழம் தெரியும். இன்றைய ஷேக்கர் கார்டில் ஃபோம் டேப் செய்கிற அதே வேலை!

1880ஐ ஒட்டி, உடல்நிலை குன்றிய அப்பாவைப் பார்த்துக்கொள்வதற்காகத் தொழிலை ஜார்ஜ் விட்னி என்பவரிடம் விற்றுவிட்டு விலகினார். விட்னி நிறுவனம் நாளடைவில் இயந்திரத்துக்கு மாறிப் பெரிதாக வளர்ந்தது. இரண்டாம் உலகப்போர்க் காலத்துக் காகிதத் தட்டுப்பாட்டில் 1942இல் மூடப்பட்டது.

ஹௌலண்ட் கதையில் வணிகவியல் மாணவர்கள் குறித்துக்கொள்ள வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. அந்தப் பெண்களின் நேரம் ஒரு செலவாகக் கணக்கில் எழுதப்பட்டது. அவர்களுக்குக் கூலி போனது. அட்டையின் விலைக்குள் அந்தக் கூலி இருந்தது. இதை மனதில் வைத்துக்கொண்டு நம் ஊருக்கு வருவோம்.

அம்பத்தூர் வழியாக ஒரு ரயில்

இந்தியாவில் தூரத்தைப் பார்க்காமல் எடையை மட்டும் பார்த்து வாங்கும் தபால் கட்டணமும், நாடு முழுமைக்குமான தபால் தலையும் 1854 அக்டோபரில் வந்தன. இரண்டே வருடத்தில், 1856 ஜூலை 1 அன்று, தென்னிந்தியாவின் முதல் ரயில் பாதை ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை திறக்கப்பட்டது. பாதை அம்பத்தூர், ஆவடி வழியாகத்தான் போகிறது. இன்றைக்கு மின்சார ரயிலில் தொங்கிக்கொண்டு போகிறவர்கள் போவது அந்தப் பழைய தடத்தில்தான்! 1879 ஜூலையில் கால் அணா அஞ்சலட்டை வந்தது. தபால் சாதாரண மக்கள் கைக்கு வந்து சேர்ந்தது.

ஆனால் வாழ்த்து அட்டை என்றால் ரொம்ப காலத்துக்கு அது கிறிஸ்துமஸ், ஆங்கிலப் புத்தாண்டு சமாச்சாரம். தமிழர்கள் அதைத் தங்களுடையதாக ஆக்கிக்கொண்டது பொங்கல் வாழ்த்து அட்டையில்தான். இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் பொங்கலைச் சாதி, சமயம் கடந்த தமிழர் திருநாளாகக் கொண்டாட வேண்டும் என்ற குரல் தமிழ்நாட்டு அரசியலில் வலுவாக ஒலித்தது. பானை, கரும்பு, மாடு, உதயசூரியன்... பொங்கல் அட்டைக்கு வேண்டிய படங்கள் ஏற்கெனவே தயார். உதயசூரியன் ஒரு கட்சியின் சின்னமாகவும் ஆனபோது சாதாரண வாழ்த்து அட்டையிலும் அரசியல் உதித்தது. சென்னை மாநிலம் 'தமிழ்நாடு' என்று பெயர் மாறியதும் ஒரு பொங்கல் நாளில்தான், 1969 ஜனவரி 14.

அட்டைகளை அச்சிட்டுக் கொடுத்தது சிவகாசி. 1923இல் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவில் தொழில் கற்று வந்து தீப்பெட்டி செய்யத் தொடங்கினார்கள். தீப்பெட்டிக்கு லேபிள் வேண்டும். பட்டாசுக்கும் லேபிள் வேண்டும். லேபிளுக்கு அச்சகம் வந்தது. அச்சகம் வந்த பிறகு காலண்டர், டைரி, வாழ்த்து அட்டை எல்லாம் வந்தன. பக்கத்திலேயே கோவில்பட்டியில் சி. கொண்டையராஜு (1898–1976) என்ற ஓவியரும் அவருடைய சீடர்களும் இருந்தார்கள். சிவகாசிக் காலண்டர்களில் நம் வீட்டுச் சுவரில் தொங்கிய முருகனும் லட்சுமியும் பெரும்பாலும் அவர்கள் கையிலிருந்து வந்தவர்கள்தான். காலண்டரில் பழகிய அந்த வண்ணமும் முகமும் அட்டையிலும் தெரியும்.

மார்கழி பிறந்தால் போதும். பிளாட்பாரத்தில் கயிறு கட்டி அட்டைகளைத் தொங்க விடுவார்கள். சாமி படம், தலைவர் படம், எம்.ஜி.ஆர்., சிவாஜி, பிறகு ரஜினி, கமல். உறையை ஒட்டாமல் மடித்து மட்டும் விட்டு, மேலே 'புக் போஸ்ட்' என்று எழுதிக் குறைந்த தபால் தலையில் அனுப்புவார்கள். தபால்காரர் பொங்கலுக்கு முந்தின வாரம் பை நிறையத் தூக்கி வருவார். யாருக்கு எத்தனை அட்டை வந்தது என்று பள்ளிக்கூடத்தில் எண்ணிப் பார்ப்பதே ஒரு போட்டி.

இங்கே ஒரு சின்னக் கணக்கு. ஆஃப்செட் அச்சில் பிளேட் செய்யும் செலவு ஆயிரம் அட்டைக்கும் ஒன்றுதான், ஒரு லட்சம் அட்டைக்கும் ஒன்றுதான். அதிகம் அடிக்க அடிக்க அந்தச் செலவு பிரிந்து ஒரு அட்டையின் தலையில் விழுவது காசுக் கணக்காகச் சுருங்கிவிடும். அதனால்தான் அவ்வளவு மலிவு. அந்த மலிவான அட்டை நம் மனதில் ஒரு விலையைப் பதித்துவிட்டது. வாழ்த்து அட்டை என்றால் சில்லறைக் காசு! "ஒரு அட்டைக்கா இவ்வளவு?" என்ற கேள்வியின் வேர் இங்கேதான் இருக்கிறது.

அச்சு அட்டை வாங்கக் காசில்லாத பிள்ளைகள் என்ன செய்வார்கள்? கெட்டி அட்டையை மடித்து, ஸ்கெட்ச் பேனாவால் பானை வரைந்து, பசை தடவி, மேலே ஜிகினாத் தூளைத் தூவி உதறுவார்கள். அன்றைக்குக் கையால் செய்த அட்டை என்றால் 'வாங்க முடியாததால் செய்தது' என்று பொருள். இன்றைக்கு அது தலைகீழாகிவிட்டது.

தஞ்சாவூர் கணக்கர் ஒருவர்

கைவேலையின் மதிப்பைப் பற்றிப் பேசும்போது ஒரு தமிழரை விட்டுவிட முடியாது. ஜே. சி. குமரப்பா. 1892இல் தஞ்சாவூரில் பிறந்தவர். லண்டனில் கணக்கியல் படித்துத் தேர்ந்தவர், அமெரிக்காவில் வணிக நிர்வாகமும் பொருளாதாரமும் படித்தவர். அதாவது நம் பாடக்காரர்! காந்தி 1934இல் அகில இந்திய கிராமத் தொழில்கள் சங்கத்தைத் தொடங்கியபோது அதை நடத்தும் பொறுப்பு இவரிடம் வந்தது. சங்கம் கையில் எடுத்த தொழில்களில் கைக் காகிதமும் ஒன்று. சந்தை விலையை மட்டும் பார்த்து ஒரு பொருளை மலிவு என்று சொல்லக்கூடாது, அதைச் செய்தவருக்கு என்ன கிடைத்தது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும் என்பது அவர் வாழ்நாள் முழுக்க வாதிட்ட விஷயம். 1960இல் மதுரையில் காலமானார்.

1955 ஜனவரியில் ஆவடியில் காங்கிரஸ் மாநாடு நடந்தது. சோஷலிச பாணிச் சமுதாயம் என்ற புகழ்பெற்ற தீர்மானம் அங்கேதான் நிறைவேறியது. அதையடுத்து வந்த இரண்டாம் ஐந்தாண்டுத் திட்டம், கனரகத் தொழிலை அரசும், அன்றாட நுகர்பொருளைச் சிறு தொழிலும் குடிசைத் தொழிலும் கவனிக்கட்டும் என்று பிரித்தது. 1960களில் ஆவடியில் டாங்கித் தொழிற்சாலையும், பக்கத்திலேயே அம்பத்தூரில் சிறு தொழில்களுக்கான தொழிற்பேட்டையும் வந்தன. அந்தத் திட்டத்தின் இரண்டு பாதிகளையும் ஒரே ரயில் பாதையில் பார்த்துவிடலாம்!

கைக் காகிதமும் வளர்ந்தது. 1959இல் புதுச்சேரியில் ஸ்ரீ அரவிந்தர் ஆசிரமத்தின் கைக்காகிதத் தொழிற்சாலை ஆரம்பமானது. பருத்தித் துணிக் கழிவிலிருந்து காகிதம் செய்து, அதில் வாழ்த்து அட்டைகளும் செய்தார்கள். 1979இல் மும்பையில் ரிப்பன் கபூரும் நண்பர்களும் வெறும் 50 ரூபாயில் தொடங்கிய 'கிரை' அமைப்பு, குழந்தைகளுக்கான நிதியை வாழ்த்து அட்டை விற்றுத் திரட்டியது. அதே 1979இல் டெல்லியில் ஆர்ச்சீஸ் நிறுவனம் பிறந்தது. 'ஐ மிஸ் யூ' சொல்லவும் ஒரு அட்டை உண்டு என்று கல்லூரிப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்தவர்கள் அவர்கள்தான்.

முதல் எஸ்.எம்.எஸ். என்ன சொன்னது?

1992 டிசம்பர் 3. இங்கிலாந்தில் நீல் பாப்வொர்த் என்ற 22 வயது பொறியாளர், கணினியிலிருந்து ஒரு கைபேசிக்கு உலகின் முதல் எஸ்.எம்.எஸ்.ஸை அனுப்பினார். அதில் இருந்தது 'மெர்ரி கிறிஸ்துமஸ்' என்ற இரண்டே வார்த்தை. முதல் குறுஞ்செய்தியே ஒரு வாழ்த்து! அட்டைத் தொழிலுக்கு அது ஒரு முன்னெச்சரிக்கை என்று அன்றைக்கு யாருக்கும் தோன்றியிருக்காது.

2000க்குப் பிறகு இங்கேயும் எல்லோர் கையிலும் கைபேசி வந்தது. தீபாவளிக்கும் புத்தாண்டுக்கும் எஸ்.எம்.எஸ். சலுகை கிடையாது, முழுக் கட்டணம் என்று கம்பெனிகள் அறிவிக்கும் அளவுக்கு வாழ்த்துகள் குவிந்தன. 2009இல் வாட்ஸ்அப் பிறந்தது. அதற்குப் பிறகு அதற்கும் காசில்லை. 2013 ஜூலையில் தந்தி சேவையே மூடப்பட்டது. எண்ணைக் குறிப்பிட்டால் போதும், கல்யாண வாழ்த்தோ தீபாவளி வாழ்த்தோ அச்சிட்ட வாசகமாகப் போய்ச் சேரும் 'வாழ்த்துத் தந்தி'யும் அதோடு போனது. பிளாட்பாரக் கயிறுகளும் ஒவ்வொன்றாக இறங்கின.

செய்தியைச் சொல்வதற்கு அட்டை தேவையில்லை என்று ஆகிவிட்டது. அப்படியானால் இன்னும் ஏன் அட்டை செய்கிறார்கள்? ஷேக்கர் கார்டைக் கையில் எடுத்துப் பாருங்கள், பதில் தெரியும். அது தடிமனானது. சாதாரணத் தபாலில் போட்டால் முத்திரைக் குத்தில் நசுங்கிவிடும். தபாலுக்குப் பிறந்த பொருள், தபாலில் போக முடியாத பொருளாக மாறிவிட்டது! நேரில் போய்க் கையில் கொடுக்க வேண்டும், அல்லது பத்திரமாகப் பெட்டியில் வைத்துக் கூரியரில் அனுப்ப வேண்டும். 'உனக்காக உட்கார்ந்து செய்தேன்' என்பதுதான் அது சொல்லும் செய்தி. விற்பது காகிதத்தை அல்ல, நேரத்தை.

சன்னலுக்குள் என்ன இருக்கிறது?

செய்முறை பெரிய ரகசியம் இல்லை. கெட்டியான அட்டையில் சன்னல் வெட்ட வேண்டும். உள்பக்கம் ஓ.எச்.பி. ஷீட் போன்ற ஒளி ஊடுருவும் தாளை ஒட்ட வேண்டும். சன்னலைச் சுற்றி இரண்டு பக்கமும் ஒட்டும் ஃபோம் டேப்பை இடைவெளியே இல்லாமல் ஒட்ட வேண்டும். ஊசி நுழையும் சந்து இருந்தாலும் ஜிகினா வெளியே வந்துவிடும். நடுவில் பாசிமணியும் ஜிகினாவும் போட்டு, பின் அட்டையை மேலே வைத்து அழுத்தினால் முடிந்தது. பிளாஸ்டிக் தாளில் நிலைமின்சாரம் இருந்தால் ஜிகினா அசையாமல் ஒட்டிக்கொள்ளும். அதற்கு முகத்துக்குப் போடும் டால்கம் பவுடரைத் தாளின் உள்பக்கத்திலும் டேப்பின் ஓரத்திலும் லேசாகத் தடவித் துடைத்துவிடுவார்கள்.

விசேஷத்துக்கு ஏற்றபடி உள்ளே போடுவது மாறும். வளைகாப்பு என்றால் பொம்மைக்குப் போடும் குட்டி வளையல். ரம்ஜானுக்குப் பிறையும் நட்சத்திரமும். கிறிஸ்துமஸுக்கு வெள்ளைத் தெர்மோகோல் மணி, பனி மாதிரி. பொங்கலுக்குப் பானை வடிவச் சன்னல் வெட்டி உள்ளே வெள்ளைப் பாசிமணி போட்டால் அரிசி பொங்குவது போலவே இருக்கும். (நிஜ அரிசி போட்டால் கொஞ்ச நாளில் வண்டு வரும்!)

தாளும் அட்டையும் வாங்கப் பாரிமுனைக்குப் போனால் ஆண்டர்சன் தெரு இருக்கிறது. கல்யாணப் பத்திரிகைக்கும் காகிதத்துக்கும் பேர் போன தெரு.

ஜிகினாவுக்கும் ஒரு சரித்திரம் உண்டு. வட்டமான சின்ன ஜிகினாவை ஆங்கிலத்தில் 'சீக்வின்' என்பார்கள். அரபியில் 'சிக்கா' என்றால் நாணயம் அடிக்கும் அச்சு. அதிலிருந்து வெனிஸ் நகரத்துத் தங்கக் காசுக்கு 'செக்கினோ' என்று பெயர் வந்தது. அதிலிருந்து வந்ததுதான் சீக்வின். கிழக்கிந்தியக் கம்பெனி காலத்துச் 'சிக்கா ரூபாய்'க்கும் அதே வேர்தான். ஷேக்கர் கார்டுக்குள் குலுங்குவது, பெயரளவில், காசுதான்!

தூள் ஜிகினாவுக்கு மட்டும் ஒரு எச்சரிக்கை. அதில் பெரும்பகுதி பிளாஸ்டிக். உதிர்ந்தால் மண்ணிலும் நீரிலும் கலந்து அப்படியே இருக்கும். ஐரோப்பிய ஒன்றியம் 2023 அக்டோபரிலிருந்து உதிரி பிளாஸ்டிக் ஜிகினாவின் விற்பனைக்குக் கட்டுப்பாடு கொண்டுவந்திருக்கிறது. கண்ணாடி மணி, துணிப் பூ, பஞ்ச் செய்த வண்ணக் காகிதம் என்று மாற்று நிறைய உண்டு.

இப்போது அந்தக் கேள்வி

"ஒரு அட்டைக்கா இவ்வளவு?" ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். இவை புரிவதற்காக வைத்துக்கொண்ட எண்கள், கடைக்குக் கடை மாறும்.

அட்டை 15 ரூபாய், பிளாஸ்டிக் தாள் 5, ஃபோம் டேப் 10, மணியும் ஜிகினாவும் 10, உறை 5, பசை, பிளேடு போன்ற சில்லறை 5. மொத்தம் 50 ரூபாய். 100 ரூபாய்க்கு விற்றால் '50 ரூபாய் லாபம்' என்று வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம்.

ஆனால் வெட்டி, ஒட்டி, காய வைத்து, பெயர் எழுதி முடிக்க ஒன்றரை மணி நேரம் ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரு மணி நேரத்துக்கு வெறும் 60 ரூபாய் கூலி போட்டால்கூட 90 ரூபாய். அடக்க விலை 140. நூறுக்கு விற்றால் 40 ரூபாய் நஷ்டம்! பாரிமுனைக்குப் போய் வந்த ரயில் டிக்கெட்டும், வீணான தாளும், கடைசி நேரத்தில் ரத்தான ஆர்டரும் இதில் சேரவில்லை.

காஸ்டிங் பாடத்தில் இதற்குக் கற்பிதச் செலவு என்று ஒரு பெயர் உண்டு. சொந்தக் கட்டடத்தில் கடை வைத்தாலும் அதை வாடகைக்கு விட்டிருந்தால் எவ்வளவு கிடைத்திருக்கும் என்று கணக்கில் கொள்வோமே, அதுதான். சொந்தக் கட்டடத்துக்கு வாடகை போடத் தெரிந்த நாம், சொந்தக் கைக்குக் கூலி போட மறந்துவிடுகிறோம். அதுவும் அந்தக் கை வீட்டில் இருக்கும் பெண்ணின் கை என்றால் மறப்பது ரொம்ப சுலபம். "சும்மா இருக்கிற நேரத்தில்தானே செய்கிறாள்" என்று சொல்லிவிடுவார்கள். அவளும் அதையே நம்பிவிடுவாள்.

சட்டமும் இங்கே கொஞ்சம் தடுமாறுகிறது. வீட்டிலிருந்து உழைப்பவர்களுக்கு மற்ற தொழிலாளர்களுக்கு இணையான உரிமை வேண்டும் என்று 1996இல் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு ஒரு உடன்படிக்கை கொண்டுவந்தது. எண் 177. இந்தியா அதை ஏற்று உறுதி செய்யவில்லை. 2020ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு, வீட்டிலிருந்து வேலை செய்யும் தொழிலாளி யார் என்று விளக்கம் தருகிறது. ஆனால் அது ஒரு முதலாளிக்காகச் செய்பவரைப் பற்றிய விளக்கம். தானே செய்து தானே விற்கும் பெண்ணுக்கு முதலாளியும் அவள்தான், தொழிலாளியும் அவள்தான். அவளுக்குக் கூலி தர வேண்டியவளும் அவளே!

ஹௌலண்ட் இந்த இடத்தில் உதவுகிறார். ஒவ்வொரு அட்டையாக ஆரம்பம் முதல் முடிவு வரை செய்யாமல், பத்து அட்டைக்கும் ஒரே நேரத்தில் சன்னல் வெட்டி, பத்துக்கும் ஒரே நேரத்தில் டேப் ஒட்டினால் நேரம் குறையும். ஒன்றரை மணி நேரம் முக்கால் மணி நேரமானால் கூலி 45 ரூபாய். அடக்க விலை 95. அதே நூறு ரூபாயில் இப்போது 5 ரூபாய் மிச்சம். இரண்டு மூன்று பேர் சேர்ந்து வேலையைப் பிரித்துக்கொண்டால் இன்னும் குறையலாம். சுய உதவிக் குழுக்கள் 1989இல் தர்மபுரியில் தொடங்கி வளர்ந்த மாநிலத்தில் இது செய்ய முடியாத காரியம் இல்லை. பெயர் எழுதுவதையும் உள்ளே போடும் பொருளையும் மட்டும் கடைசியில் ஆளுக்கு ஏற்ப மாற்றினால் 'உனக்காகச் செய்தது' என்பதும் கெடாது.

ஆனால் எவ்வளவு திறமையாகச் செய்தாலும் சிவகாசி அட்டையின் விலைக்கு இது ஒருநாளும் இறங்காது. அங்கே பிளேட் செலவு லட்சம் அட்டையில் பிரிந்துவிடும். இங்கே ஒவ்வொரு அட்டைக்கும் கை மறுபடியும் முதலிலிருந்து உட்கார வேண்டும். ஹென்றி கோலின் அட்டை ஒரு ஷில்லிங் ஆனதற்கும் இதே காரணம்தான்.

அதனால் அட்டை செய்பவர்களுக்கு ஒரு சின்ன யோசனை. அடுத்த ஆர்டரை ஆரம்பிக்கும்போது மணியைப் பாருங்கள். முடித்ததும் மறுபடி பாருங்கள். எத்தனை நிமிடம் ஆனது என்று ஒரு நோட்டில் குறித்து வையுங்கள். பத்து அட்டைக்குக் குறித்தால் போதும், உங்கள் விலை உங்களுக்கே தெரிந்துவிடும். வாங்குபவர் "ஒரு அட்டைக்கா இவ்வளவு?" என்று கேட்டால் கோபப்படாமல் அந்த நோட்டைக் காட்டலாம். தாள் இவ்வளவு, டேப் இவ்வளவு, நேரம் இவ்வளவு. அதற்குப் பிறகும் வாங்குவதும் வாங்காததும் அவர் விருப்பம். நேரத்துக்கு நேராகப் பூஜ்யம் என்று மட்டும் எழுதாதீர்கள்.